படிக்காத மேதை ஜி.டி. நாயுடு

படிப்பை விட்டுட்டு ஷூ கம்பெனிக்குப் போகும் எங்க தெரு அண்ணன்களைக் கேட்டால், ஜி.டி. நாயுடுவே படிக்கலையே என்பார்கள். யார் அவர்?

கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை செய்து, காசு சேர்த்து அதை வாங்கினார். அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டிப் பார்த்தார்! 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார். ஓட்டியதும் அவரே. பிறகு பஸ்கள் பெருகின. 2015-ல் அவர் குடும்பத்தார் கோவையில் கார் மியூசியமே திறந்தார்கள்.

1974-ல் 80 வயதில் மறைந்தார். ஆனால் அந்தப் படிக்காதவர்தான் 1945-ல் மத்த பிள்ளைகள் படிக்க பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் தொடங்கினார். இதை மட்டும் அண்ணன்கள் சொல்றதில்லை. அதான் நான் எழுதினேன்.