கேசட் மாட்டுமா, மாட்டாதா? பதில் 1921-ல் ஒரு லேத் பட்டறையில் தொடங்குகிறது

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக சைக்கிள் மிதித்தவர்களுக்குக் காற்றைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். ஜூன், ஜூலையில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கிற வேகத்தில், ஊர் திரும்பும்போது எதிர்காற்று ஆளையே பின்னுக்குத் தள்ளும். பேச்சிப்பாறை பக்கம் போனால் ஏற்றம் தொடையைப் பதம் பார்க்கும். பின்சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய பல்சக்கரம் இருந்தால் தேவலை என்று தோன்றும். உடனே ஆன்லைனில் ஒரு கேசட் ஆர்டர் போடுவோம். வந்த பிறகுதான் தெரியும், அது நம்ம ஹப்பில் ஏறவே ஏறாது!

ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள, இன்று பல கியர் சைக்கிள்களில் பார்க்கும் ஒரு பெயரின் சொந்தக்காரரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஷோசாபுரோ ஷிமானோ.

கத்தி செய்யும் ஊர்

ஜப்பானில் ஒசாகாவை ஒட்டியிருக்கும் துறைமுக நகரம் சகாய். கத்திக்கும், ஒரு காலத்தில் துப்பாக்கிக்கும் பேர்போன ஊர். ஜப்பானுக்குள் சைக்கிள் வந்து, அது பழுதாகவும் தொடங்கியபோது, சரிசெய்யும் கைத்திறன் இந்த ஊர் இரும்புக் கொல்லர்களிடம் ஏற்கெனவே இருந்தது. பழுது பார்த்தவர்கள் மெல்ல மெல்லப் பாகங்களைச் செய்யவும் ஆரம்பித்தார்கள்.

1894-ல் பிறந்த ஷோசாபுரோ, இரும்பு வேலை கற்று வளர்ந்தவர். 1921 பிப்ரவரியில், 26 வயதில், சகாயில் 'ஷிமானோ அயர்ன் ஒர்க்ஸ்' என்ற பட்டறையைத் தொடங்கினார். முதலீடு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. இருந்த ஒரே லேத்தும் இரவல் வாங்கியது.

அவர் முழு சைக்கிள் செய்ய ஆசைப்படவில்லை. தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு பாகம், ஃப்ரீவீல். 1922-ல் உற்பத்தி தொடங்கியது.

ஏன் ஃப்ரீவீல்?

இறக்கத்தில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதே, 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதே, அதுதான் ஃப்ரீவீலின் வேலை. உள்ளே ஸ்பிரிங் தாங்கிய சிறு இரும்பு நாக்குகள் இருக்கும். மிதிக்கும்போது அவை பற்களில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கும். நிறுத்தினால் பற்களின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

கேட்க எளிது, செய்வது கஷ்டம். இரும்பைப் பதப்படுத்துவது கொஞ்சம் குறைந்தால் பல் தேயும், கூடினால் உடையும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது நாக்கு நழுவினால், ஓட்டுபவர் கீழே விழ வேண்டியதுதான். சைக்கிள் பாகங்களிலேயே செய்யக் கடினமானவற்றில் ஒன்று இது. அதையே முதல் பொருளாக எடுத்ததுதான் ஷோசாபுரோவின் துணிச்சல்.

இதில் ஒரு வியாபார வசதியும் இருந்தது. ஃப்ரீவீல், ஹப்பின் மரையில் திருகி மாட்டப்படுவது. மரை அளவு ஒத்துப்போனால் போதும், யார் செய்த சக்கரத்திலும் யார் செய்த ஃப்ரீவீலும் ஏறும். முழு சைக்கிள் செய்யாத ஒரு சின்னப் பட்டறை பிழைக்க முடிந்ததற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம்.

1940-ல் பட்டறை முறையான நிறுவனமானது. 1956-ல் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டிரெய்லரும், 1957-ல் ஹப்புக்குள்ளேயே இயங்கும் 3 ஸ்பீடு கியரும் வந்தன. 1958-ல் ஷோசாபுரோ காலமானார். மகன்கள் ஷோசோ, கெய்சோ, யோஷிசோ மூவரும் அடுத்தடுத்து நிறுவனத் தலைவரானார்கள்.

பிள்ளைகள் காலத்தில் மாறிய கணக்கு

கியர் எண்ணிக்கை 5, 6, 7 என்று ஏற ஏற, பழைய முறை திணறியது. ஃப்ரீவீல் அகலமானதால், ஹப்பின் வலது பக்க பேரிங் உள்ளே தள்ளிப்போனது. ஆக்சிலின் ஒரு நீளமான பகுதி தாங்க ஆளில்லாமல் நின்றது. குழியில் இறங்கினால் ஆக்சில் வளையும், சில சமயம் உடையும்.

1978-ல் ஷிமானோ தன் டியூரா-ஏஸ் வரிசையில் ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்தது. அதாவது, நாக்குகள் இருக்கும் பகுதியைக் கியரிலிருந்து பிரித்து, ஹப்போடு சேர்த்துவிட்டார்கள். பேரிங் ஓரத்துக்கு நகர்ந்தது, ஆக்சில் தப்பித்தது. மேலே ஏறுவது வெறும் பல்சக்கர அடுக்கு. அதுதான் கேசட். இந்த யோசனை இங்கிலாந்தில் 1930-களிலேயே முயன்று பார்க்கப்பட்டது என்றாலும், பரவலாக நிலைத்தது இதற்குப் பிறகுதான்.

ஆனால் ஒரு விலையும் இருந்தது. மரைக்குப் பதில் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் வந்தன. ஆளுக்கொரு வடிவம் செய்தார்கள். அப்பாவின் தொழிலைத் தாங்கிய அந்தப் பொதுவான பொருத்தம் அங்கே குறைந்துபோனது.

இப்போ எது எதில் ஏறும்?

* குறைந்த விலை 21 ஸ்பீடு சைக்கிள்கள் பலவற்றில் இன்னும் மரை ஃப்ரீவீல்தான். இதில் கேசட் ஏறாது. கேசட் வேண்டுமென்றால் ஹப்பை அல்லது முழு பின்சக்கரத்தை மாற்ற வேண்டும். ஃபிரேமின் பின்பக்க அகலத்துக்கு அது பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.
* ஷிமானோவின் 8, 9, 10 ஸ்பீடு கேசட்கள் பொதுவாக ஒரே ஹெச்.ஜி. ஹப்பில் ஏறும். 7 ஸ்பீடு என்றால் 4.5 மி.மீ. ஸ்பேசர் வேண்டும்.
* 11 ஸ்பீடு ரோடு ஹப் 1.85 மி.மீ. நீளம் அதிகம். பழைய கேசட்டை ஸ்பேசர் வைத்து அதில் மாட்டலாம். ஆனால் 11 ஸ்பீடு ரோடு கேசட் பெரும்பாலும் பழைய ஹப்பில் ஏறாது.
* 10 பல் கொண்ட சிறிய சக்கரத்துக்கு ஹெச்.ஜி. ஹப்பில் இடமில்லை. அதற்காக ஷிமானோ 2018-ல் மைக்ரோ ஸ்ப்லைன் கொண்டுவந்தது. ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்.டி. வேறு, கம்பக்னோலோ வேறு. 12 ஸ்பீடு என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம்

பின்சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் வளையமும் கூடவே சுற்றினால் கேசட். பல்சக்கரம் மட்டும் சுற்றி, நடு வளையம் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல், அதாவது ஷோசாபுரோ இரவல் லேத்தில் கடைந்த பொருளின் வாரிசு. ஆர்டர் பட்டனை அழுத்தும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால், கேசட்டைத் திருப்பி அனுப்பும் வேலை மிச்சம்.