துர்காவைத் தந்த வைத்தியர்

1978 ஒக்டோபர் 3ஆம் திகதி கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூசைக் காலம் என்பதால் அவளை எல்லோரும் துர்கா என்றே அழைத்தார்கள். உலகின் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது 70 நாட்களே ஆகியிருந்தன. துர்கா இந்தியாவின் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை. ஆனால் அரசாங்கம் அதை நம்பவில்லை.

அவளைக் கருவாக்கிய வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாய் 1931இல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்து, அங்கு ஒன்றும் எடின்பரோவில் ஒன்றுமாக இரண்டு கலாநிதிப் பட்டங்களைப் பெற்றார். உயிர்களை உறைநிலையில் பாதுகாக்கும் துறையறிஞர் ஒருவரும் மகப்பேற்று நிபுணர் ஒருவரும் அவரோடு சேர்ந்துகொண்டனர். கையில் வசதிகள் மிகக் குறைவு.

அவர் செய்த வேலையைச் சற்று விளக்க வேண்டும். பலோப்பியன் குழாய் பழுதான பெண்ணுக்கு ஓமோன் ஊசி ஏற்றி, ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரச்செய்தார். வெளியே கருக்கட்டிய முளையங்களை உடனே கருப்பையில் வைக்கவில்லை. உறையவைத்து, ஊசியின் தாக்கமில்லாத இன்னொரு மாதத்தில், உடலின் இயல்பான சுழற்சியிலேயே வைத்தார்.

இந்தக் காத்திருப்பின் அருமை பின்னர்தான் உலகுக்குப் புரிந்தது. ஊசியால் சூலகங்கள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் அவை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, சில வேளைகளில் குருதியும் உறையும். அதே மாதத்தில் கர்ப்பமும் தரித்துவிட்டால் நிலைமை மோசமாகும். ஆகவே ஆபத்துள்ள பெண்களுக்கு முளையங்களை உறையவைத்துவிட்டுப் பொறுத்திருப்பது இன்று வழமையாகிவிட்டது. உடனே வைப்பதைவிட உறையவைத்து வைக்கும்போது எடை குறைந்த பிள்ளைகள் பிறப்பதும் குறைகிறது. மறுபக்கமும் உண்டு: பிள்ளை அளவுக்கு மீறிப் பருக்கலாம், தாய்க்குக் கர்ப்பகால உயர் குருதி அழுத்தம் வரலாம். இயல்பான சுழற்சியை விட்டு மருந்துகளால் கருப்பையைத் தயார்படுத்தும்போதே இந்தக் குருதி அழுத்த ஆபத்து அதிகம். முகோபாத்யாய் அன்று தெரிந்தெடுத்ததோ இயல்பான சுழற்சியை. குறைமாதப் பிரசவத்துக்குப் பெருங்காரணம் இரட்டைக் கர்ப்பம் என்பதால், இப்போது ஒரேயொரு முளையத்தை வைக்குமாறும் சொல்கிறார்கள். சிகிச்சைக்குப் போகும் தம்பதியினர் வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதான்.

மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. தலைமை தாங்கியவர் வானொலி இயற்பியல் பேராசிரியர்! குழு அவருடைய கூற்றை நிராகரித்தது. விசாரணைக் குழுக்கள் எப்படி முடியும் என்பது எமக்கும் தெரியாததல்ல. ஜப்பானுக்குப் போய்த் தன் ஆய்வை விளக்க அழைப்பு வந்தபோது அனுமதி மறுக்கப்பட்டது. மாரடைப்பும் வந்தது. 1981இல் அவரைக் கண் மருத்துவ நிறுவனமொன்றுக்கு இடமாற்றினார்கள். கருவைப் பற்றி ஆராய்ந்தவருக்குக் கண்ணில் என்ன வேலை? அந்த ஆண்டு ஜூன் 19ஆம் திகதி, 50 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

உறைந்த முளையத்திலிருந்து குழந்தை பிறந்ததென்று உலகம் ஏற்றுக்கொண்டது 1984இல்தான். இந்தியாவில் 1986இல் பிறந்த குழந்தையே முதலாவது எனப் பதிவானது. அந்தப் பெருமைக்குரிய விஞ்ஞானி ஆனந்தகுமார், 1997இல் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். பிறகு, முதலிடம் தனதல்ல, முகோபாத்யாயினுடையது என்று அறிவியல் சஞ்சிகையொன்றில் தானே எழுதினார்.