குரூப்ஸ்கயா: நோயோடு நடந்த அரசியல் வாழ்வு

ரஷ்யப் புரட்சியின் தலைவர் லெனினின் மனைவி நடேஷ்தா குரூப்ஸ்கயாவின் பிற்காலப் புகைப்படங்களில் முதலில் கண்ணில் படுவது அவரது முன்தள்ளிய விழிகளே. அவை முதுமையின் அடையாளமல்ல. அவரைப் பல ஆண்டுகள் வாட்டிய தைராய்டு நோயின் தடயம்.

1835ல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸும், 1840ல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வான் பேசடோவும் விவரித்த நோய் அது. உடலைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியைத் தூண்டி, அளவுக்கு மீறி இயங்கச் செய்கிறது. நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், களைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள்.

1869ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த குரூப்ஸ்கயா, தொழிலாளர்களுக்கான மாலைநேரப் பள்ளியில் கற்பித்துக்கொண்டே மார்க்சிய இயக்கத்தில் ஈடுபட்டார். 1896ல் கைதான அவர், 1898ல் சைபீரியாவில் தண்டனை அனுபவித்துவந்த லெனினை அங்கேயே மணந்தார். பின்னர் ஐரோப்பாவில் கழிந்த புலம்பெயர் வாழ்வில், ரஷ்யாவிலிருந்த தோழர்களுடனான இரகசியக் கடிதத் தொடர்புகளைப் பெரிதும் கவனித்துவந்தவர் அவரே.

1913ல் நோய் தீவிரமடைந்தது. மலைக்காற்று பலன் தரும் என்ற நம்பிக்கையில் தம்பதியர் போலந்துப் பகுதியின் தாத்ரா மலையடிவாரத்தில் குடியேறினர். பலன் கிட்டவில்லை. இன்றுள்ள தைராய்டு மாத்திரைகளும் கதிரியக்க அயோடின் சிகிச்சையும் அன்று இல்லை. எனவே, தைராய்டு ஆய்வுகளுக்காக 1909ல் நோபல் பரிசு பெற்ற தியோடர் கோச்சரிடம், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் செலவுக்காக, பிராவ்தா நாளிதழிடமிருந்து தமக்கு வரவேண்டிய பணத்தை லெனின் கேட்டு எழுத நேர்ந்தது.

நோய் முற்றாக நீங்கவில்லை. ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. உள்நாட்டுப் போர் நடந்த 1919ல் பிரசாரக் கப்பலில் வோல்கா நதிப் பிரதேசங்களுக்குச் சென்றார். எழுத்தறிவு இயக்கத்திலும் நூலகங்களை உருவாக்குவதிலும் முன்னின்றார்.

அவரது அரசியல் துணிவுக்குப் பெரும் சோதனை லெனின் நோயுற்றபோது வந்தது. 1922 டிசம்பரில் ஸ்டாலின் தொலைபேசியில் அவரைக் கடுமையாக ஏசினார். 1924ல் லெனின் மறைந்தபின், ஸ்டாலினைக் கட்சிப் பொதுச் செயலாளர் பதவியிலிருந்து அகற்றுமாறு பரிந்துரைத்த லெனினின் குறிப்புகளைக் குரூப்ஸ்கயா கட்சித் தலைமையிடம் ஒப்படைத்தார். தலைமை அவற்றை வெளியிடவில்லை. சோவியத் மக்கள் அவற்றை அச்சில் காண 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1925ல் எதிரணியுடன் நின்ற அவர், பின்னர் அதிலிருந்து விலகினார். ஸ்டாலின் ஆட்சியில் துணைக் கல்வி ஆணையராகவும் பணியாற்றினார்.

1939 பிப்ரவரி 27ந் தேதி, எழுபதாவது பிறந்தநாளுக்கு மறுநாள், அவர் காலமானார். உடலை வாட்டிய நோயால் அவரைப் பணியிலிருந்து விலக்க இயலவில்லை. அவரது குரலை அடக்கியது அவர் தாமே கட்டியெழுப்ப உதவிய கட்சி.