ஹெர்ஷலின் கோளும் தங்கையின் ஊதியமும்

ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' நூலில் கோதுமை விலை அட்டவணை ஒன்று உண்டு. பொருளியல் மாணவர்கள் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள் அவை. 1801-இல் ஒருவர் அந்த அட்டவணையை எடுத்து, சூரியனில் கரும்புள்ளிகள் அரிதாகத் தென்பட்ட காலங்களோடு ஒப்பிட்டார். புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் கோதுமை விலை ஏறியிருப்பதாக இலண்டன் இராயல் சொசைட்டிக்கு எழுதினார். பலர் எள்ளி நகைத்தனர். முக்கால் நூற்றாண்டுக்குப் பின் ஜெவன்ஸ் இதே எண்ணத்தை வணிகச் சுழற்சிகளுக்குப் பொருத்திப் பார்த்தார். அந்தக் கோட்பாடு நிலைக்கவில்லை என்பது வேறு செய்தி.

எழுதியவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர். கோதுமை வழியாகவே நான் அவரிடம் வந்து சேர்ந்தேன். வந்த பிறகு கோதுமையைவிட அவருடைய வரவு செலவே என்னை அதிகம் ஈர்த்தது.

1738 நவம்பர் 15 அன்று ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர் ஹெர்ஷல். தந்தை இராணுவ இசைக்குழுவில் ஓபோ என்னும் குழல் வாசித்தவர். மகனும் அதே குழுவில் சேர்ந்தார். ஏழாண்டுப் போரின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படையிடம் ஹனோவர் தோற்றபின், 1757-இல் பதின்ம வயது முடியும் முன்பே பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்றார். இசைப்படிகளை நகலெடுத்தார், பாடம் சொல்லிக் கொடுத்தார், சிம்பொனிகள் இயற்றினார், 1766-இல் பாத் நகரத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிப்பவராக அமர்ந்தார்.

ஹனோவரில் அவருடைய தங்கை கரோலின் வீட்டு வேலைகளில் அடைபட்டுக் கிடந்தார். பத்து வயதில் வந்த டைஃபஸ் காய்ச்சலால் வளர்ச்சி நான்கே கால் அடியோடு நின்றுபோனவர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கருதிய தாய், அவரை வேலைக்காரியாகவே வைத்திருந்தார். 1772-இல் அண்ணன் வந்து தங்கையை அழைத்துச் சென்றார். அதற்கு அவர் தாய்க்கு ஓர் ஈடு கொடுக்க வேண்டியிருந்தது: தங்கையின் இடத்தில் வேலையாள் வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் ஒரு தொகை. வீட்டில் பெண் செய்யும் வேலைக்கு விலையே இல்லை என்று தேசிய வருமானக் கணக்கு இன்றும் நம்மை நம்பச் சொல்கிறது. கரோலின் வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்றே அதற்கு ஒரு விலை வெளிப்பட்டுவிட்டது.

பாத் நகரில் கரோலின் பாடகியாகப் பயிற்சி பெற்று மேடையேறினார். அண்ணனுக்கோ 1773 முதல் வானியல் பித்துப் பிடித்தது. நல்ல தொலைநோக்கியை விலை கொடுத்து வாங்க இயலாது. ஆகவே தாமே செய்யத் தொடங்கினார். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த ஆடியை மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நடுவில் கை எடுத்தால் பரப்பு கெட்டுவிடும். ஒருமுறை பதினாறு மணி நேரம் அவர் கையெடுக்காமல் தேய்க்க, தங்கை உணவைத் துண்டு துண்டாக வாயில் ஊட்டினார். 1781-இல் மூன்றடி அகல ஆடி ஒன்றை வீட்டிலேயே வார்க்க முயன்றபோது உலை கசிந்தது. உருகிய உலோகம் தரையில் ஓட, பாவியிருந்த கற்கள் வெடித்துச் சிதறின. எல்லோரும் உயிர் தப்பியதே பெரிது.

அதே ஆண்டு மார்ச் 13 இரவு, நியூ கிங் தெரு வீட்டின் தோட்டத்தில், ஆறேகால் அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியில் அவர் ஒரு வேற்று ஒளியைக் கண்டார். பெருக்கத்தை 227 மடங்கிலிருந்து 460-க்கும், பின்பு 932-க்கும் உயர்த்தினார். விண்மீனாக இருந்தால் புள்ளியாகவே நிற்கும். இது வட்டாக விரிந்தது. நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது இடம் மாறியிருந்தது. வால்மீன் என்றே அவர் அறிவித்தார். சுற்றுப்பாதை ஏறத்தாழ வட்டம் என்று லெக்செல் போன்றோர் கணக்கிட்ட பின்னரே அது கோள் என்பது உறுதியாயிற்று. பிளாம்ஸ்டீட் 1690-லேயே அதைப் பார்த்து, விண்மீன் என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தார். ஹெர்ஷலுக்கு வாய்த்தது குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்வோர் இந்தச் செய்தியை மறந்துவிடுகின்றனர். வானத்தை வரிசையாகத் துழாவி வந்தவருக்கு அந்த விண்மீன் கூட்டத்தின் முறை அன்று வந்தது. அதைப் பிரித்தறியும் ஆடி கையில் இருந்தது.

சூரியனிலிருந்து சுமார் 287 கோடி கிலோமீட்டர் தொலைவில், சனியைப் போல் இரு மடங்கு தூரத்தில் யுரேனஸ் சுற்றுகிறது. விட்டம் பூமியைப் போல் நான்கு மடங்கு. வளிமண்டலத்தில் உள்ள மீத்தேன் சிவப்பொளியை விழுங்கிவிடுவதால் நீலப்பச்சையாகத் தெரிகிறது. ஒரு சுற்றுக்கு 84 ஆண்டுகள். தொன்மைக்காலம் முதல் சனியோடு முடிந்திருந்த சூரிய மண்டலத்தின் எல்லை, ஓர் இசை ஆசிரியரின் தோட்டத்தில் இரட்டித்தது.

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1782-இல் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு மானியம் அளித்தார். இசையால் அவர் ஈட்டியதைவிட அது குறைவு. ஆகவே தொலைநோக்கிகள் செய்து விற்றார். ஸ்பெயின் மன்னர் ஒன்றை 3,150 பவுண்டுக்கு வாங்கினார். தங்கை பாட்டை விட்டுவிட்டு இரவுப் பதிவாளரானார். அண்ணன் தொலைநோக்கியிலிருந்து சொல்லச் சொல்ல நேரத்தையும் இடத்தையும் குறிப்பது, பகலில் கணக்கிட்டுப் படியெடுப்பது அவர் வேலை. 1783-இன் கடைசி இரவில் பனியில் ஓடியபோது கருவியின் இரும்புக் கொக்கி அவர் தொடையில் ஏறியது.

1787 ஜனவரி 11 அன்று யுரேனஸின் இரு நிலவுகள் சிக்கின. அதற்கு உதவியது ஒரு நீக்கம். இருபது அடித் தொலைநோக்கியில் ஒளியைத் திருப்பிவிடும் சிறிய ஆடி, வந்த ஒளியில் ஒரு பகுதியை வீணாக்கியது. அதை எடுத்துவிட்டு, பெரிய ஆடியைச் சற்றே சாய்த்து, குழாயின் வாயிலிருந்தே நேராகப் பார்த்தார். முன்பு தெரியாத மங்கல் புள்ளிகள் தெரிந்தன. இன்று டைட்டானியா, ஓபரான் எனப்படும் அவை இரண்டும் சுமார் 1,500 கிலோமீட்டர் விட்டமுள்ளவை. அவற்றின் பாதைகள் கோளின் சுற்றுப்பாதைக்கு ஏறக்குறையச் செங்குத்தாக அமைந்திருந்தன. முகத்தில் தடயமே காட்டாத கோள் எப்படிச் சுழல்கிறது என்பதற்கு இந்நிலவுகளே முதற்குறிப்பு. யுரேனஸ் பக்கவாட்டில் படுத்தபடி உருள்கிறது; துருவங்கள் 42 ஆண்டு பகலையும் 42 ஆண்டு இரவையும் மாறி மாறிக் காண்கின்றன. பின்னர் மேலும் நான்கு நிலவுகளைக் கண்டதாக ஹெர்ஷல் அறிவித்தார்; அவை நிலைக்கவில்லை. அடுத்த உண்மையான இணையை 1851-இல் கண்டவர் லிவர்பூல் மதுவடிப்பாளர் வில்லியம் லாசல். பீர் இலாபத்தில் பிறந்த வானியல் என்று அதைச் சொல்லலாம்.

யுரேனஸுக்கு வளையங்களும் உண்டு. 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீனை அக்கோள் மறைக்கவிருந்தது. இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்தில் பறந்தபடி எலியட் குழுவினர் நோக்க, வாணியம்பாடிக்கு அருகே காவலூரில் பட்டாச்சார்யாவின் குழுவினர் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் நோக்கினர். கோள் நெருங்கும் முன்பே விண்மீன் மங்கியதைக் காவலூரும் பதிவு செய்தது.

மீண்டும் ஊதியத்துக்கு வருவோம். நாற்பது அடித் தொலைநோக்கிக்காக மன்னர் இரு தவணைகளில் 4,000 பவுண்டு கொடுத்தார். நான்கடி அகல ஆடி, வானுயர்ந்த சாரம். 1789-இல் முடிந்த அதைக் காண விருந்தினர்கள் குவிந்தனர். ஆனால் திருப்புவது கடினம்; ஆடி விரைவில் கறுத்தது. ஹெர்ஷல் தம் பணியில் பெரும்பகுதியை இருபது அடிக் கருவியிலேயே செய்தார். அரசுப் பணம் உயரமான சாரத்தை விரும்புகிறது. விளைச்சலோ எளிய கருவியிலும் நாள்தோறும் தொடரும் உழைப்பிலும் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் கட்டட நிதியையும் ஆய்வு உதவித்தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அந்தச் செலவோடு சேர்த்து 1787-இல் கரோலினுக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியம் ஒதுக்கப்பட்டது. அறிவியல் பணிக்காக இங்கிலாந்தில் ஊதியம் பெற்ற முதல் பெண் அவர். தொகை சிறிது; ஆனால் தம் விருப்பப்படி செலவிடத் தமக்கென்று பெற்ற முதல் பணம் அது. அவர் தனியாகவும் எட்டு வால்மீன்களைக் கண்டார். 1788-இல் அண்ணன் செல்வமிக்க கைம்பெண் ஒருவரை மணந்ததும் வீட்டுப் பொறுப்பு கைமாறியது; கரோலின் வாடகை அறைக்குப் போனார். அதன்பின் பத்தாண்டு நாட்குறிப்புகளைப் பிற்காலத்தில் அவரே அழித்துவிட்டார்.

ஹெர்ஷல் 1822 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார். வயது 83, யுரேனஸின் ஓர் ஆண்டு நிறைய மூன்று மாதமே குறைவு. கரோலின் ஹனோவருக்குத் திரும்பி, அண்ணன் கண்ட சுமார் 2,500 நெபுலாக்களை, அண்ணன் மகன் ஜான் மீண்டும் தேடிப் பார்க்க வசதியாக வரிசைப்படுத்தினார். அதற்காக 1828-இல் இராயல் வானியல் கழகம் தங்கப்பதக்கம் வழங்கியது. 1848-இல், 97-ஆம் வயதில் மறைந்தார். நான்காண்டுகளுக்குப் பின் அதே ஜான்தான் தந்தை கண்ட இரு நிலவுகளுக்கும் பெயர் வைத்தார்: ஷேக்ஸ்பியர் நாடகத்து வனதேவதைகளின் அரசியும் அரசனும்.