கப்பல் கட்டணத்துக்கு உழைப்பை ஈடு வைத்தவர்: பென்சில்வேனியாவின் நாட்டு வைத்தியர் ஹோமன்

1802-ஆம் ஆண்டு ஜெர்மனியில் இருந்து பிலடெல்பியா துறைமுகத்தை வந்தடைந்த புலம்பெயர்ந்தோரில் யோஹான் கேயோர்க் ஹோமன் என்பவரும் ஒருவர். உடன் மனைவி அன்னா கேத்தரினாவும் மகன் பிலிப்பும் இருந்தனர். கப்பல் கட்டணம் செலுத்த அவர்களிடம் பணம் இல்லை. கட்டணத்தைச் செலுத்த முன்வரும் ஒருவரிடம் சில ஆண்டுகள் உழைத்துக் கழிப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் மட்டுமே இத்தகையோர் கரையிறங்க முடியும் என்பது அக்கால நடைமுறை. அதன்படி ஹோமன் பென்சில்வேனியாவின் பக்ஸ் மாவட்டத்தில் வேலைக்கு அமர்ந்தார். மனைவியும் மகனும் வேறிடம் செல்ல நேர்ந்தது. புதிய நாட்டில் காலடி வைத்தவுடனே குடும்பம் சிதறியது.

இந்த ஏழைத் தொழிலாளி 18 ஆண்டுகளுக்குப் பின் வெளியிட்ட ஒரு சிறு நூல், இரு நூற்றாண்டுகள் கடந்தும் அச்சில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் ஜார்ஜ் ஹோமன் என்று அறியப்படும் அவரது பெயர் நிலைத்திருப்பதும் அந்நூலால்தான்.

ஒப்பந்தக் கடனில் இருந்து மீண்ட ஹோமன், பெர்க்ஸ் மாவட்டத்தில் ரெட்டிங் நகரை அடுத்த ரோசென்தால் என்ற இடத்தில் குடியேறினார். சுற்றுப்புறத்தில் வாழ்ந்த ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் லூத்தரன், சீர்திருத்தத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள், ஹோமனோ கத்தோலிக்கர். ஆயினும் சமயப் பாடல்களையும் கதைப்பாடல்களையும் ஒற்றைத் தாள்களில் அச்சிட்டு அவர்களிடையே விற்றார்; நோய் தீர்க்க வேண்டி வந்தவர்களுக்கு வைத்தியமும் பார்த்தார்.

அன்றைய மருத்துவத்தின் நிலையை நினைவில் கொள்ளாமல் இவரை மதிப்பிடுவது சரியாகாது. 1793-இல் பிலடெல்பியாவைச் சூறையாடிய மஞ்சள் காய்ச்சலின்போது, நாட்டின் தலைசிறந்த மருத்துவராகக் கருதப்பட்ட பெஞ்சமின் ரஷ், நோயாளிகளின் இரத்தத்தை வெளியேற்றியும் பாதரசம் கலந்த பேதி மருந்து கொடுத்தும் சிகிச்சை அளித்தார். கற்றறிந்த மருத்துவமே அத்தகையதாக இருந்த காலத்தில், ஜெபமும் மூலிகையும் கொண்டு மந்திரிப்பவரைக் கிராமத்து உழவர்கள் நாடிச் சென்றதில் வியப்பில்லை. ஜெர்மானியர்கள் தம் வழக்கு மொழியில் இக்கலையை 'பிரௌகெரை' என்றனர். பூர்வகுடி மொழியில் இருந்து வந்த 'பவ்வவ்' என்ற சொல் பின்னர் ஆங்கிலத்தில் இதற்கு நிலைபெற்றது.

1820-இல் ரெட்டிங்கில் ஜெர்மன் மொழியில் அச்சான ஹோமனின் நூலுக்கு 'நீண்ட காலம் மறைந்திருந்த நண்பன்' என்பது பெயரின் பொருள். இரத்தப்போக்கை நிறுத்துதல், தீப்புண், பல்வலி, குழந்தைகளின் வயிற்றுப் புழு, வெறிநாய்க்கடி, கால்நடை நோய்கள் ஆகியவற்றுக்கான முறைகள் இதில் உண்டு. மீன் பிடிக்கும் உத்தியும் கள்வனை நகரவிடாமல் கட்டிப்போடும் மந்திரமும்கூட அருகருகே இடம்பெற்றுள்ளன. எப்பக்கம் இருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் ஐந்து இலத்தீன் சொற்களைத் தட்டின் இருபுறமும் எழுதி நெருப்பில் எறிந்தால், தண்ணீர் இன்றியே தீ அணையும் என்கிறது ஒரு குறிப்பு.

நூலின் முன்னுரையே ஹோமனின் மனத்தை அறிய நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று. நூலை வெளியிட முதலில் தமக்கு விருப்பமில்லை என்றும், மனைவியும் எதிர்த்தார் என்றும் அதில் அவர் தெரிவிக்கிறார். கண் கொப்புளத்தால் பார்வை இழந்தவர்களையும், தசை அழுகி உயிரோ உறுப்போ இழந்தவர்களையும் கண்ட இரக்கமே தம்மை இணங்க வைத்தது என்கிறார். அதே மூச்சில், தாம் வறியவர் என்பதையும் நூல் விற்பனையால் கிடைக்கும் சிறு தொகை தமக்கு உதவும் என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். போலி வைத்தியர்களிடம் எளிதில் காணக் கிடைக்காத வெளிப்படைத்தன்மை இது. பிறர் இத்தகைய நூல்களை இரகசியமாக விற்க, தாம் பகிரங்கமாக விற்பதாகவும் எந்தப் போதகருக்கும் அஞ்சி ஒளியப் போவதில்லை என்றும் அவர் அறிவிக்கிறார். குணமடைந்தவர்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் பட்டியலிடுகிறார். அவர்களில் பலருக்கு இருந்தது கண் கொப்புளமே. தாமாகவே ஆறிவிடும் கண் கட்டிகளும் உண்டு என்பதை இன்றைய வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது.

நூலில் உள்ளவை பலவும் ஹோமனின் சொந்தச் சரக்கு அல்ல. ஒரு நாடோடியின் பழைய நூலில் இருந்தும் பல இடங்களில் அரிதின் முயன்று திரட்டிய இரகசியக் குறிப்புகளில் இருந்தும் எடுத்ததாக அவரே கூறுகிறார். ஜெர்மனியில் புழங்கிய 'ரோமானுஸ்' என்னும் மந்திரச் சுவடியில் இருந்து பல பகுதிகள் வந்துள்ளதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். எனினும், வாய்மொழியாகவும் கையெழுத்துப் படிகளாகவும் சிலரிடம் மட்டும் தங்கியிருந்தவற்றை எவரும் வாங்கக்கூடிய அச்சுப் பொருளாக அமெரிக்க மண்ணில் மாற்றியது ஹோமனின் செயல்.

1846-இல் ஹாரிஸ்பர்க்கிலும் பின்னர் வேறு சில ஊர்களிலும் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன. நூலை உடன் வைத்திருப்பவர் எதிரிகளிடம் இருந்து காக்கப்படுவார், நீரில் மூழ்கமாட்டார், நெருப்பில் எரியமாட்டார் என்ற வாசகம் அதில் இருந்ததால், படிப்பதற்கு மட்டுமன்றித் தாயத்தாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும் மக்கள் அதை வாங்கினர்.

அந்த நம்பிக்கையின் மறுபக்கம் 1928 நவம்பரில் வெளிப்பட்டது. பென்சில்வேனியாவின் யார்க் மாவட்டத்தில் ஜான் பிளைமயர் என்ற மந்திரிப்பவர், தம் துன்பங்களுக்கு நெல்சன் ரேமயர் என்ற விவசாயி வைத்த சூனியமே காரணம் என நம்பினார். ரேமயரிடம் உள்ள ஹோமனின் நூலைக் கைப்பற்றி எரிக்க வேண்டும், அல்லது அவரது தலைமுடியை எடுத்துப் புதைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இரு இளைஞர்களுடன் சென்ற பிளைமயர் நூலைக் கேட்டார், ரேமயர் தரவில்லை. மோதலில் அவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

1929 ஜனவரியில் நடந்த விசாரணைகளில் மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. நாடெங்கும் இருந்து செய்தியாளர்கள் யார்க்கில் குவிந்தனர். ஹோமனின் நூல் அதற்குப் பின்னரும் மறுபதிப்புகள் கண்டு வருகிறது.