முதல் பக்கத்தில் ஒரு படம்!



வில்லியனூரானாலும் சரி, பாகூரானாலும் சரி, கடைத்தெருவில் பத்திரிகைக் கடையைப் பார்த்திருப்பீர்கள். கயிறு கட்டி, பத்திரிகைகளை வரிசையாகத் தொங்க விட்டிருப்பார்கள். அதில் ஓர் இசை இதழ் இருந்தால், அதன் அட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். மேலே பெரிய எழுத்தில் இதழின் பெயர். நடுவில் பாடகரின் பெரிய படம். அவர் உங்களையே நேராகப் பார்ப்பார். ஓரத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டே வரி. கண்ணைப் பறிக்கும் ஒரு நிறம். அவ்வளவுதான்!

பாட்டு என்பது காதால் கேட்பது. தாளில் அது கேட்காது. அதனால் பாட்டுக்குப் பதிலாக அந்த அட்டைப்படம் உங்களைக் கூப்பிடுகிறது.

இப்படிப் படத்தால் வாசகரைக் கூப்பிடும் வித்தையை, நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் புதுச்சேரியில் இருந்து செய்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார். யார் தெரியுமா? மகாகவி பாரதியார்! அவரைக் கவிஞராக உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்று, பத்திரிகை நடத்திய பாரதியாரைத் தெரிந்து கொள்வோமா?

எட்டயபுரத்துச் சுப்பையா

1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார் பாரதியார். பெற்றோர் சின்னசாமி ஐயர், லட்சுமி அம்மாள். வீட்டில் சுப்பையா என்று செல்லமாக அழைத்தார்கள். ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். பதினோரு வயதில் கவிதை பாடி, பாரதி என்ற பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் தந்தையும் இறந்து விட, காசிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டில் சென்னைக்கு வந்து, சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அடுத்து, பெண்களுக்காக வந்த சக்கரவர்த்தினி மாத இதழுக்கும் ஆசிரியர் ஆனார்.

1906-ம் ஆண்டு மே மாதம், சென்னையில் இந்தியா என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. அதில்தான் பாரதியாரின் புதுமை வெளிப்பட்டது.

படிக்கத் தெரியாதவருக்கும் பத்திரிகை

அந்தக் காலத்துப் பத்திரிகைகளை இன்று பார்த்தால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும்! பக்கம் முழுவதும் பொடி எழுத்து. தலைப்பும் பெரிதாக இராது. படத்தைப் பார்ப்பதே அபூர்வம். ஒரு படம் போட வேண்டும் என்றால், ஓவியர் வரைந்ததை வைத்துத் தனியாக அச்சுக்கட்டை செய்ய வேண்டும். அதற்குச் செலவு அதிகம். நேரமும் ஆகும்.

இன்னொரு பெரிய சிக்கலும் இருந்தது. 1901-ல் எடுத்த மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான். மீதி 95 பேருக்கு நாட்டில் நடப்பதை எப்படிச் சொல்வது? எழுத்து தெரியாவிட்டாலும் கண் இருக்கிறதே! பாரதியார் படத்தைக் கையில் எடுத்தார்.

இந்தியா பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே பெரிய கேலிச்சித்திரம் இடம் பெற்றது. ஆங்கில அரசு நம் நாட்டைச் சுரண்டுவதையும், அன்னியத் துணியை விட்டுச் சுதேசித் துணி வாங்க வேண்டும் என்பதையும், தலைவர்களுக்குள் நடந்த சண்டைகளையும் அந்தப் படங்கள் காட்டின. தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் கேலிச்சித்திரங்களைத் தொடங்கி வைத்தவர் பாரதியார் என்றே சொல்கிறார்கள்.

படங்களை அவர் தாமே வரையவில்லை. என்ன படம், அதில் யார் யார், யார் எப்படி நிற்க வேண்டும் என்று அவர் யோசித்துச் சொல்வார். ஓவியர் வரைவார். படத்துக்கு விளக்கத்தையும் பாரதியார் எழுதுவார்.

நிறத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. இந்தியா பத்திரிகை சிவப்புத் தாளில் அச்சாகி வந்தது. சிவப்பு, புரட்சியின் நிறம். அதோடு பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களான சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவற்றையும் பத்திரிகையின் கொள்கையாகப் பொறித்தார்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். அது தெருமுனையில் திரும்பும்போதே, வண்ணச் சீலைகளைக் கண்டு நாம் ஓடிப் போகிறோம் அல்லவா? சீலை கண்ணை இழுக்கிறது. ஆனால் தேருக்குள் சாமி இருப்பதால்தான் எல்லோரும் கைகூப்புகிறார்கள். பாரதியாரின் முதல் பக்கமும் அப்படித்தான். வெளியே படமும் வண்ணமும், உள்ளே நாட்டின் விடுதலை.

எல்லை தாண்டிய பத்திரிகை

கூப்பிடும் குரல் பலமாக இருந்ததால், ஆங்கில அரசுக்கும் அது கேட்டு விட்டது! 1908-ல் இந்தியா பத்திரிகை மீது வழக்குப் போட்டார்கள். சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்திருந்த சீனிவாசன் என்பவர் கைதானார். அவருக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்து பாரதியாரையும் பிடித்து விடுவார்கள் என்று நண்பர்கள் பயந்தார்கள். அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25.

ஏன் புதுச்சேரி? அன்று நம் ஊர் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயப் போலீஸ் இங்கு வந்து யாரையும் கைது செய்ய முடியாது. இன்று பாகூரிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போனால், புதுச்சேரி எங்கே முடிந்தது, தமிழ்நாடு எங்கே தொடங்கியது என்று கவனிக்கக்கூட மாட்டோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வயல், ஒரே தமிழ். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வயல் வரப்புகளுக்கு நடுவே இரண்டு பேரரசுகளின் எல்லை ஓடியது! இந்தப் பக்கம் நின்றால் சுதந்திரமாக எழுதலாம். அந்தப் பக்கம் கால் வைத்தால் சிறை.

1908 அக்டோபரில் இந்தியா பத்திரிகை புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியது. முதல் பக்கப் படங்களும் வந்தன. விஜயா, சூரியோதயம், கர்மயோகி என்று வேறு பத்திரிகைகளிலும் பாரதியார் எழுதிக் குவித்தார்.

ஆனால் பத்திரிகையைப் படிக்கும் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே இருந்தார்கள்? ஆங்கில அரசு அவரைத் தொட முடியாவிட்டாலும், பத்திரிகை தங்கள் பகுதிக்குள் போகாமல் தடுத்தது. 1910 பிப்ரவரியில் கடுமையான புதிய பத்திரிகைச் சட்டம் ஒன்றும் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 12-ம் தேதியோடு இந்தியா நின்று போனது. சித்ராவளி என்ற பெயரில், முழுக்க முழுக்கச் சித்திரங்களுக்காகவே ஒரு பத்திரிகை நடத்தவும் பாரதியார் திட்டமிட்டிருந்தார். அது வெளிவரவே இல்லை.

பாட்டுக்கு மெட்டுதான் அட்டை

பத்திரிகை போனது. வருமானம் போனது. வீட்டில் மனைவி செல்லம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும் வறுமையில் வாடினார்கள். தெருவில் எப்போதும் ஒற்றர்களின் கண்காணிப்பு. வேறு யாராக இருந்தாலும் பேனாவை மூடி வைத்திருப்பார்கள்.

பாரதியார் என்ன செய்தார் தெரியுமா? படத்தின் வழியை அடைத்தால், பாட்டின் வழியில் போனார். குயில் பாட்டும், பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும் புதுச்சேரியில் பிறந்தவைதான்.

பாட்டின் வலிமை அவருக்கு முன்பே தெரியும். 1907-ல் அவருடைய மூன்று பாடல்களை, வி. கிருஷ்ணசாமி ஐயர் என்ற வழக்கறிஞர் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்திருந்தார். இப்போது பாரதியார் எளிய சொற்களைத் தேர்ந்தெடுத்தார். கும்மி, சிந்து, கிளிக்கண்ணி என்று சாதாரண மக்கள் பாடி வந்த மெட்டுகளில் எழுதினார். பாடல்களின் தலையில் ராகத்தையும் தாளத்தையும் குறித்தார். பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையிலும், எளிய நடையும் மக்கள் விரும்பும் மெட்டும் காவியத்துக்கு வேண்டும் என்று விளக்கியிருக்கிறார்.

பத்திரிகைக்கு அட்டைப்படம் எப்படியோ, பாட்டுக்கு மெட்டு அப்படி! மெட்டு வாவா என்று கூப்பிடுகிறது. உள்ளே போனால் கருத்து கிடைக்கிறது. படத்தையாவது எல்லையில் பறிமுதல் செய்யலாம். வாயில் முணுமுணுக்கும் பாட்டை எந்தப் போலீஸ் பறிக்க முடியும், சொல்லுங்கள்?

பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்த பாரதியார், 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். மூன்று வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு, செல்லம்மாளின் ஊரான கடயம் போனார். அங்கிருந்தபோது 1920-ல் இன்னொரு பெரிய கனவு கண்டார். தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும். தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு அவை விற்க வேண்டும் என்று திட்டம் போட்டார். பண உதவி கேட்டார். போதிய உதவி கிடைக்கவில்லை. மீண்டும் சென்னையில் சுதேசமித்திரனில் வேலைக்குச் சேர்ந்தார். 1921 செப்டம்பரில், 38 வயதிலேயே காலமானார்.

அவர் கண்ட கனவு பிறகு நிறைவேறியது. அவருடைய பாடல் இல்லாத தமிழ்ப் பள்ளிக்கூடமே இன்று இல்லையே!

நீங்களும் செய்யலாம்

குழந்தைகளே, அட்டைப்படம் பார்த்து மயங்கிப் புத்தகம் வாங்கி, உள்ளே ஒன்றும் இல்லாமல் ஏமாந்திருக்கிறீர்களா? வெறும் ஆசை காட்டும் படத்துக்கும், உண்மையைச் சொல்லக் கூப்பிடும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பாரதியாரின் முதல் பக்கம் எதைக் காட்டியதோ, அதைத்தான் உள்ளே இருந்த பக்கங்களும் பேசின. அதற்காக அவர் கொடுத்த விலை மிகப் பெரியது.

உங்கள் பள்ளியில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்குங்களேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு படம் போதும். பாகூர் ஏரியில் நீர் குறைவதா, உங்கள் தெருவில் குப்பை சேருவதா, எது முக்கியமோ அதை வரையுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியிடம் காட்டுங்கள். அவருக்குப் புரிந்தால், நீங்கள் ஜெயித்து விட்டீர்கள்!

விடுமுறையில் பெரியவர்களோடு புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதிக்குப் போய் வாருங்கள். பாரதியார் வாழ்ந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது.