கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கணிப்பொறி அறிவது இரண்டே எழுத்து: ஒன்று, பூச்சியம். மனிதன் சொற்களால் எழுதும் கட்டளைகளை அவ்விரண்டெழுத்து மொழிக்கு மாற்றித் தர இடையே ஒரு துபாஷி வேண்டும். அத்துபாஷியும் கட்டளைத் தொகுதியே. அதனைக் கம்பைலர் என்பர். தமிழில் தொகுப்பி என வழங்குகின்றனர். ரயில் டிக்கெட் பதிவும் வங்கிக் கணக்கும் அதன் துணையாலேயே நடைபெறுகின்றன. அதனைப் படைக்க முற்பட்டவருள் முன்னின்றவர் அமெரிக்கக் கணித மேதை கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

இவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், எங்ஙனம் ஓடுகிறது என்று காண வீட்டிலிருந்த அலாரம் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்த பின்னரே அன்னையார் கண்டறிந்து, இனி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுமாறு பணித்தாராம். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்று, தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே ஆசிரியப் பணி புரிந்தார்.

உலகப் போர் மூண்டது. 1943இல் கடற்படையில் சேர முனைந்தபோது உடல் எடை போதாதெனத் தடை எழுந்தது. விலக்குப் பெற்றுச் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கு 51 அடி நீளமும் ஏறத்தாழ 5 டன் எடையும் கொண்ட மார்க் 1 என்னும் கணக்கு எந்திரம் அவருக்காகக் காத்திருந்தது. (1947இல் மார்க் 2 எந்திரத்தினுள் விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டதையும், ‘பக்’ என்ற சொல்லை இவரே படைத்தார் என்பதையும் பலர் சேர்த்துக் கூறுவர். அச்சொல் எடிசன் காலத்திலேயே வழக்கில் இருந்தது.)

1949இல் யூனிவாக் கணிப்பொறியை உருவாக்கிவந்த பிலடெல்பியா கம்பெனியில் அமர்ந்தார். அங்கே பழைய கட்டளைத் துண்டுகளை ஒவ்வொருவரும் கையால் பெயர்த்தெழுதி, இட எண்களைக் கூட்டித் திருத்திக்கொண்டிருந்தனர். பெயர்த்தெழுதுவதிலும் பிழை, கூட்டுவதிலும் பிழை. இவ்விரண்டையும் எந்திரமே செய்யலாகாதா என வினவிய அம்மையார், 1952இல் ஏ-0 என்னும் தொகுப்பியைச் செய்து முடித்தார். இன்றைய அளவுகோலால் நோக்கின் அது துண்டுகளை இணைக்கும் கருவியே. ஆயினும் வழி திறந்தது. எந்திரம் கணக்குப் போடுமேயன்றி நிரல் எழுதுமோ என்று பலர் நம்ப மறுத்தனர்.

அடுத்து ஆங்கிலச் சொற்களால் கட்டளை எழுதும் ஃப்ளோமேட்டிக் மொழியை அமைத்தார். 1959இல் கூடிய குழு அதனைப் பெரிதும் தழுவியே கோபால் மொழியை வகுத்தது. 1960 டிசம்பரில் ஏறக்குறைய ஒரே நிரல் இரு வேறு கம்பெனிகளின் எந்திரங்களில் ஓடிற்று.

சிக்கல் பின்னர் எழுந்தது. ஒவ்வொரு கம்பெனியின் தொகுப்பியும் மொழியைத் தன் போக்கில் பொருள்கொண்டது. ரயில்வே விதிப்புத்தகத்தோடு பல்லாண்டு பழகிய எமக்கு இத்தொல்லை புதிதன்று. விதி வாய் திறவாத இடத்தில் இரண்டு அலுவலகங்கள் இரண்டு விதமாகச் செய்யும். இரண்டும் விதிப்படியே செய்ததாகச் சாதிக்கும். 1966இல் ஓய்வு பெற்ற அம்மையாரைக் கடற்படை 1967இல் ஆறு மாதத்திற்கென மீண்டும் அழைத்தது. அவ்வாறு மாதம் பத்தொன்பது ஆண்டாக நீண்டது! தொகுப்பி விதியைப் பிழையறப் பின்பற்றுகிறதா என ஆராயும் சோதனை நிரல்கள் அவர் தலைமையில் உருவாயின.

இதனிடையே, 1972ஐ ஒட்டி டென்னிஸ் ரிச்சி, பெல் ஆய்வுக்கூடத்தில் சி மொழியைப் படைத்தார். எந்திரத்தை ஒட்டி நிற்கும் அம்மொழிக்கு 1989இல் தர விதி வகுத்தோர், சில செயல்களின் விளைவை வேண்டுமென்றே சொல்லாது விட்டனர். இதற்கு வரையறுக்கப்படாத நடத்தை என்று பெயர். குறியுடைய முழு எண்ணுக்கு 32 பிட் இடம் தரும் எந்திரத்தில் அதன் உச்ச வரம்பு 2147483647. அதனோடு ஒன்றைக் கூட்டினால் என்னாகும்? விதி மௌனம். எந்திரங்கள் பலவகையின, எதனையும் கட்டிப்போடாமல் வேகம் பெறுதல் நோக்கம். அது நியாயமே. ஆனால் தொகுப்பியோ, அத்தகைய கூட்டல் நிகழவே நிகழாது என்று கொண்டு, கூட்டியபின் எண் சிறுத்துவிட்டதா எனப் பார்க்க எழுதிய காவல் வரியையே வீண் என்று நீக்கிவிடக்கூடும். வாயிற்காப்போன் போன பின்னர் கள்வர் நுழைவதில் வியப்பென்ன? அம்மையாரின் சோதனை, விதி சொன்னதையே சோதிக்கும். சொல்லாததை எவ்வளவுகோலால் அளப்பது? அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

1986இல் தமது 79ஆம் வயதில், கடற்படையில் ரியர் அட்மிரலாக விளங்கிய அம்மையார் பாஸ்டன் துறைமுகத்தில் விடைபெற்றார். அதன் பின்னும் ஒரு கணிப்பொறிக் கம்பெனியின் ஆலோசகராக ஊர் ஊராகச் சென்று பேசினார். ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரம் செல்லக்கூடிய தூரம் இதுவே என, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளைக் கேட்போர் கையில் கொடுப்பது அவர் வழக்கம். 1992 ஜனவரி முதல் நாள் இயற்கை எய்தினார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1997இல் கடற்படையில் சேர்க்கப்பெற்றது.